ஈழத்துத் திருச்சபையும் சமுதாய நீதியும்

சமயத்தின் சமுதாயப் பணியை மதிப்பிடப் புகுவோர் பெரும்பாலும் இரண்டு தவறுகளுள் ஒன்றைச் செய்துவிடுகின்றனர். சமயம் போதிக்கும் அறத்தையே அதன் வரலாறு என்று மயங்குவது ஒன்று. சமய நிறுவனம் ஆளும் வர்க்கத்தோடு கொண்ட உறவை எடுத்துக்காட்டிய அளவில் ஆராய்ச்சி முடிந்துவிட்டதாகக் கருதுவது மற்றொன்று. முன்னதைப் பக்தர் செய்வர். பின்னதைச் செய்பவர் நம்மவருட் பலர். வேதத்தில் எழுதப்பட்ட அன்பு வேறு, மண்ணில் நடந்த செயல் வேறு என்பது உண்மையே. ஆயினும் அதே நிறுவனத்தின் உள்ளிருந்து எழுந்து, அதன் போக்கை மறுத்து, ஒடுக்கப்பட்டோர் பக்கம் போய்ச் சேர்ந்து, சிலவேளை உயிரையுங் கொடுத்த மனிதரை நாம் எங்ஙனம் விளங்கிக்கொள்வது? இவ்வினாவை ஈழத்துக் கிறித்தவத் திருச்சபையின் வரலாற்றைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

போர்த்துக்கேயரின் வாளும் வணிகமும் வந்த கப்பலிலேயே கத்தோலிக்க சமயமும் இந்நாட்டின் கரையோரங்களுக்கு வந்தது. 1658இல் அவர்களை வெளியேற்றிய ஒல்லாந்தர் கத்தோலிக்கத்தைத் தடைசெய்தனர். அரசாங்க உத்தியோகம் வேண்டியவர்கள் ஒல்லாந்தரின் சீர்திருத்தத் திருச்சபையிற் சேரவேண்டியிருந்தது. ஞானஸ்நானம் உத்தியோகத்துக்குரிய நற்சாட்சிப் பத்திரமாயிற்று. காலையில் ஒல்லாந்தர் கோவிலிலும் மாலையில் தம் முன்னோர் கோவிலிலும் நின்ற மக்களை நாம் குறைகூற மாட்டோம். நம்பிக்கையை அதிகாரத்தின் படிக்கல்லாக்கிய ஆட்சியே அதற்குப் பொறுப்பாகும்.

இந்தக் காலத்திலேதான் 1687ஆம் ஆண்டு, கோவாவைச் சேர்ந்த யோசேப்பு வாஸ் என்னும் குரு மாறுவேடத்தில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். ஒல்லாந்தரின் கண்ணுக்குத் தப்பி உழைத்த அவர் 1692இல் கண்டி இராச்சியத்துக்குட் சென்றபோது, போர்த்துக்கேயரின் உளவாளி என்ற ஐயத்தினாற் சிறைவைக்கப்பட்டார். பின்னர் மன்னன் இரண்டாம் விமலதர்மசூரியனின் ஆதரவு அவருக்குக் கிடைத்தது. 1697இற் கண்டியிற் பெரியம்மை பரவி மக்கள் ஊரைவிட்டு ஓடியபோது, கைவிடப்பட்ட நோயாளரைத் தேடிச் சென்று, சமய வேறுபாடு பாராமல் அவர்களுக்குப் பணிவிடை செய்தார். 1711இல் கண்டியிலேயே இறந்தார். கிறித்தவ ஆட்சியினால் வேட்டையாடப்பட்ட கிறித்தவ குருவுக்குப் பௌத்த மன்னன் அடைக்கலம் கொடுத்தான் என்பது நமது வரலாற்றின் பெருமைக்குரிய செய்திகளுள் ஒன்று. ஆட்சியின் துணையில்லாத இடத்திலேதான் இந்த மனிதருக்கு மக்களின் துணை வேண்டியிருந்தது. அதை அவர் சேவையினாலே தேடிக்கொண்டார். 2015இற் பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்பில் அவரைப் புனிதராகப் பிரகடனஞ் செய்தார். அவரைப் பீடத்தில் ஏற்றியது எளிது. அவர் நின்ற இடத்தில் நிற்பது திருச்சபைக்கு அவ்வளவு எளிதாக இருக்கவில்லை.

ஆங்கிலேயர் ஆட்சியில் மலைநாட்டிற் கோப்பிப் பயிர்ச்செய்கை பரவியது. தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து பஞ்சத்தாலும் கடனாலும் துரத்தப்பட்ட தமிழ் மக்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே நடந்து மாத்தளைக்கும் கண்டிக்கும் வந்தனர். வழியில் வாந்திபேதியாலும் பட்டினியாலும் மாண்டோர் பலர். இம்மக்களிடையே சமயப்பணி செய்வதற்கென 1854இல் ‘தமிழ்க் கூலி மிஷன்’ தொடங்கப்பட்டது. பெயரே நிலைமையைச் சொல்லிவிடுகிறது. அதற்கு ஆதரவாயிருந்தோர் தோட்டத் துரைமார். அவர்களின் நன்கொடையிலேயே உபதேசிமாரும் பாடசாலைகளும் பெருமளவு தங்கியிருந்தன. இம்மிஷனைச் சேர்ந்த பலர் நல்ல மனம் படைத்தவர்கள் என்பதில் நமக்கு ஐயமில்லை. அரிச்சுவடியைக்கூட அறியாத பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்ததும் சிறிய செயலன்று. ஆனாற் சம்பளங் கொடுப்பவன் துரையாயிருக்க, கங்காணியின் பற்றுக்கணக்கைப் பற்றியும் பத்தடி லயன் அறையில் ஒரு குடும்பம் முடங்கிக் கிடப்பதைப் பற்றியும் உபதேசியார் எங்ஙனம் வாய் திறப்பார்? பொறுமையையும் கீழ்ப்படிவையும் போதிப்பதே அவருக்கு இயன்ற உபதேசமாயிற்று. சமய நிறுவனத்தின் குரல் அதன் வருவாய் வரும் வாசலினால் அளக்கப்படுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

யாழ்ப்பாணத்திற் சான்று வேறுவிதமானது. 1816இல் வந்த அமெரிக்க மிஷன் 1823இல் வட்டுக்கோட்டையிற் செமினரியையும், அடுத்த ஆண்டில் உடுவிலிற் பெண்களுக்கான விடுதிப் பாடசாலையையும் தொடங்கியது. பெண்கல்வியை எள்ளி நகையாடிய சமுதாயத்தில் இது ஒரு புரட்சியே. எனினும் மிஷன் கல்வியினால் முதலிற் பயனடைந்தவர்கள் முன்னரே நிலமும் குலமும் உடையவர்கள். கடவுள் முன் யாவரும் சமம் என்று மேடையிலே சொன்ன பாடசாலைகளிலும், ஒடுக்கப்பட்ட குலத்துப் பிள்ளை வாங்கில் இருக்க உரிமையின்றி நிலத்தில் இருந்து படித்த காலம் ஒன்று இருந்தது. தேவாலயத்துக்குள்ளும் சாதி தன் இடத்தைத் தேடிக்கொண்டது. ஆனாற் கல்வி ஒரு விந்தையான கருவி. கொடுத்தவன் கருதாத வேலையையும் அது செய்துவிடும். 1924இல் ஹண்டி பேரின்பநாயகம் முதலான இளைஞர்கள் மாணவர் காங்கிரசை அமைத்தனர். அதுவே பின்னர் யாழ்ப்பாண வாலிப காங்கிரஸாயிற்று. அவர்களுட் பலர் மிஷன் கல்லூரிகளின் மாணவரும் ஆசிரியரும் ஆவர். சமாசனமும் சமபோசனமும் அவர்களது வேலைத்திட்டத்தில் இடம்பெற்றன. உதவி பெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் வழங்கவேண்டும் என்ற விதி 1920களின் இறுதியில் நடைமுறைக்கு வரத் தொடங்கியபோது, சாதிமான்கள் கொதித்தெழுந்தனர், பாடசாலைகள் தீக்கிரையாயின. மிஷன் பாடம் சொல்லிக் கொடுத்தது. அப்பாடத்தை அதன் முடிவுவரை கொண்டுசென்றவர்கள் அதன் மாணவர்களும், வாங்கில் உட்காரத் துணிந்த அந்தப் பிள்ளைகளின் பெற்றோருமே.

சுதந்திரத்துக்குப் பின் நடந்த இரண்டு நிகழ்ச்சிகளை அருகருகே வைத்து நோக்குவது பயன்தரும்.

1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் மலைநாட்டில் ஏழு ஆசனங்களை வென்றது. அதற்கு மறுமொழியாக வந்தவை போல 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டமும், அடுத்த ஆண்டில் அவர்களது வாக்குரிமையைப் பறித்த சட்டமும் அமைந்தன. ஏறத்தாழ ஏழு இலட்சம் தொழிலாளர் நாடற்றவராயினர். அவர்களுள் ஒரு பகுதியினர் ஞாயிறுதோறும் பூசை காணும் கத்தோலிக்கர். திருச்சபையின் மணிகள் அதற்காக அபாய ஒலி எழுப்பவில்லை. மக்கள் வீதிக்கு அழைக்கப்படவில்லை.

1960இலோ நிலைமை வேறு. அவ்வாண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தினால் உதவி பெறும் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றது. உடனே கத்தோலிக்கப் பெற்றோர் பாடசாலைகளுட் குடிபுகுந்து இரவும் பகலும் காவலிருந்தனர். இந்தியாவிலிருந்து கர்தினால் கிராசியஸ் வந்து சமரசம் பேசவேண்டிய அளவுக்கு நெருக்கடி முற்றியது. கல்வியைத் தேசியமயமாக்குவதை முற்போக்காளர் ஆதரித்தது சரியே என்பது நமது கருத்து. அதேவேளை தனிச் சிங்களச் சட்டத்தின் வழிவந்த ஓர் அரசின் கையில் எல்லாப் பள்ளிகளும் செல்வதைக் கண்டு சிறுபான்மையோர் அஞ்சியதையும் நாம் இகழமாட்டோம். நாம் இங்கு சுட்டுவது ஒன்றையே: மக்களைத் திரட்டும் ஆற்றல் திருச்சபைக்கு இருந்தது. தன் கட்டிடங்களைக் காக்க அதைப் பயன்படுத்திய நிறுவனம், ஏழு இலட்சம் மக்களின் உரிமையைக் காக்க அதைப் பயன்படுத்தவில்லை.

இந்த இடத்தில் வரலாறு நின்றுவிட்டிருந்தால் நமது முதலாவது வினாவுக்கு இடமே இராது. ஆனால் அது நின்றுவிடவில்லை.

1957இலேயே அங்கிலிக்கன் குருவாகிய யொஹான் தேவானந்த குருணாகலுக்கு அருகில் இப்பாகமுவவில் ‘தேவசரண ஆராமய’ என்னும் ஆச்சிரமத்தை அமைத்தார். தொடக்கத்தில் அது தியானத்துக்கும் பௌத்தரோடு உறவாடுவதற்கும் உரிய இடம். சுற்றியிருந்த கமக்காரரின் காணியில்லா வறுமை மெல்ல மெல்ல அதன் மதிலைத் தாண்டி உள்ளே வந்தது. ஆச்சிரமம் கூட்டுப்பண்ணையாகவும் விவசாயிகள் இயக்கத்தின் கூடலிடமாகவும் மாறியது. 1962 முதல் 1965 வரை கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் கத்தோலிக்கருக்கு உலகை நோக்கி ஒரு சாளரத்தைத் திறந்தது. ஆயினும் ஈழத்துக் குருமாரை உலுக்கி எழுப்பியது உரோமாபுரியில் எழுதப்பட்ட ஏடுகளினும், 1971 ஏப்பிரலில் நடந்த இளைஞர் கிளர்ச்சியே என்று கூறவேண்டும். படித்தும் தொழிலற்ற கிராமத்து இளைஞர் ஆயிரக்கணக்கிற் கொல்லப்பட்டபோது, அவர்கள் எந்தப் பள்ளியிற் படித்தார்கள், அவர்களுக்கு நாம் என்ன சொன்னோம் என்ற கேள்வி மனச்சாட்சியுள்ள குருமாரை உறுத்தியது. அதே ஆண்டில் திஸ்ஸ பாலசூரிய என்னும் அமலமரித் தியாகிகள் சபைக் குரு, சமூகத்தையும் சமயத்தையும் ஒருங்கே ஆராயும் நிலையம் ஒன்றைக் கொழும்பில் நிறுவினார்.

1972இற் கண்டி மேற்றிராணியார் லியோ நாணாயக்கார தம் பழைய பெருமைவாய்ந்த ஆசனத்தை விட்டு, புதிதாக அமைக்கப்பட்ட வறிய பதுளை மறைமாவட்டத்தைத் தாமே விரும்பி ஏற்றார். அதே ஆண்டிற் கண்டியில் இயேசு சபைக் குருவாகிய போல் காஸ்பர்ஸ் ‘சத்தியோதய’ நிலையத்தைத் தொடங்கினார். சிங்களரும் தமிழரும், பௌத்தரும் இந்துக்களும் கிறித்தவரும் அங்கு கூடி உழைத்தனர். தோட்டங்களிற் பட்டினி மரணங்கள் பெருகிய 1973, 1974ஆம் ஆண்டுகளில், தொழிலாளரின் கூலி, உணவு, குழந்தை மரணம் ஆகியவை பற்றிய உண்மைகளைத் திரட்டி நாட்டின் முன் வைப்பதே இவர்களது பணியாயிற்று. 1979இல் இனங்களுக்கிடையே நீதியும் சமத்துவமும் வேண்டி எழுந்த இயக்கத்தின் முன்னணியிலும் காஸ்பர்ஸ் நின்றார். 1854இல் துரையின் பணத்தோடு லயனுக்கு வந்த திருச்சபையையும், ஒரு நூற்றாண்டுக்குப் பின் துரைத்தனத்தின் கணக்கைக் கேட்டு வந்த இச்சிறு கூட்டத்தையும் ஒப்பிடுக. வேதம் ஒன்றே; நின்ற இடம் மாறியது.

இவர்கள் எல்லோரினும் தொலைதூரம் நடந்தவர் மைக்கல் ரொட்றிகோ. இரண்டு கலாநிதிப் பட்டங்கள் பெற்ற இவர், 1980இல் கீழ் ஊவாவில் புத்தலைக்கு அருகிலுள்ள அலுகலவிட்ட என்னும் கிராமத்துக்குக் குடிபெயர்ந்தார். ஊர் முழுவதும் பௌத்தர். மதம் மாற்ற அவர் செல்லவில்லை. ஊரவரோடு வாழச் சென்றார். 1818ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின்போது ஆங்கிலேயர் வயல்களையும் குடிமனைகளையும் அழித்துப் பாழாக்கிய நிலம் அது. கிறித்தவ நாடென்று தன்னைச் சொல்லிக்கொண்ட ஏகாதிபத்தியம் செய்த அக்கொடுமைக்கு, ஒரு கிறித்தவன் கடன்பட்டவன் என்று அவர் கருதினார். ‘நல்லெண்ண இல்லம்’ என்று பொருள்படும் சிங்களப் பெயருடன் அவரது சிறுகுடில் அங்கு எழுந்தது. அக்காலத்திற் பெல்வத்தைச் சீனிக் கம்பனியின் கரும்புத் தோட்டங்களுக்காகப் பரம்பரைச் சேனைநிலங்களை இழந்த கமக்காரருக்காக அவர் பேசினார். விகாரையின் பிக்குமாரோடு சேர்ந்து உழைத்தார். நாட்டின் தெற்கில் அரச பயங்கரமும் கிளர்ச்சியாளரின் பயங்கரமும் மோதத் தொடங்கிய நாட்கள் அவை. அச்சுறுத்தல் வந்தபின்னரும் அவர் ஊரை விட்டு அகலவில்லை. 1987 நவம்பர் 10ஆந் திகதி மாலை, அக்குடிலிற் பூசை செய்துகொண்டிருந்தபோது சுட்டுக்கொல்லப்பட்டார். கொலைஞர் எவரும் தண்டிக்கப்படவில்லை.

இதே தசாப்தத்தில் இனப்பிரச்சினை திருச்சபையின் நேர்மையை இன்னுங் கடுமையாகச் சோதித்தது. தமிழரும் சிங்களரும் ஒரே பீடத்தில் நற்கருணை பெறும் நிறுவனம் இந்நாட்டில் வேறில்லை. அவ்வாறாயின் 1983 யூலையில் தமிழர் வீடுகள் எரிந்தபோது தெற்கின் கிறித்தவர் என்ன சொன்னார்கள்? பலர் வீட்டுக்கதவைத் திறந்து அயலவரைக் காத்தனர். அதை நாம் மறக்கலாகாது. எனினும் குற்றத்தைக் குற்றமென்று பெயர்சொல்லி உரைத்த தலைவர் மிகச் சிலர். குருணாகல் அங்கிலிக்கன் அத்தியட்சர் லக்ஷ்மன் விக்கிரமசிங்க அவர்களுள் முதல்வர். செல்வாக்குள்ள சிங்களக் குடும்பத்திற் பிறந்த அவர், சிங்கள மக்கள் இவ்வழிவுக்காக வெட்கப்படவும் மன்னிப்புக் கேட்கவும் கடமைப்பட்டவர்கள் என்று தம் சொந்த மக்களிடமே கூறினார். அவ்வாண்டு ஒக்டோபரில், ஐம்பத்தாறு வயதில், அவர் இறந்தார்.

வடக்கிலும் கிழக்கிலும் பங்குக்குருவின் வாசற்படியே காணாமற்போனோரின் பெற்றோர் வந்து நிற்கும் இடமாயிற்று. 1985 சனவரியில் மன்னார் வங்காலையின் பங்குக்குரு மேரி பஸ்ரியன் கொல்லப்பட்டார். 1988 யூனில் மட்டக்களப்பு மக்கள் குழுவின் தலைவராயிருந்த சந்திரா பெர்னாண்டோ அடிகள் சுடப்பட்டார். 2009 மே மாதத்தில், முள்ளிவாய்க்காலின் இறுதி நாளில் இராணுவத்திடம் சரணடைந்தவர்களோடு சென்ற பிரான்சிஸ் யோசேப்பு அடிகள் திரும்பவில்லை. 2011 சனவரியில் மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு, அரசாங்கம் அமைத்த ஆணைக்குழுவின் முன் வன்னியின் மக்கட்தொகைக் கணக்குகளை வைத்து, 1,46,679 பேருக்கு என்ன நேர்ந்தது என்று வினவினார். ஆயர் ஒருவர் ஆட்சியாளரின் புள்ளிவிவரங்களையே எடுத்து அவர்கள் முன் வைத்த அச்செயல், ஆயிரம் கண்டன அறிக்கைகளிலும் வலியது. அவர் 2021இல் இறந்தார். அவரது வினா விடையின்றி உள்ளது.

இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறும் முடிவுகள் யாவை?

முதலாவது: இம்மனிதர் எவரும் திருச்சபையின் அதிகார மையத்திலிருந்து தம் பணியைச் செய்தவரல்லர். மையத்தில் இருந்தவர்களும் அதை விட்டு விளிம்புக்கு நடந்த பின்னரே நீதியின் குரலாயினர். இரண்டாவது: அவர்கள் தனித்து நிற்கவில்லை. தொழிற்சங்கத்தோடும், கமக்காரர் இயக்கத்தோடும், விகாரையோடும், மார்க்சியரோடும் தோளோடு தோள் நின்றனர். தருமம் செய்வோர் தனித்து நிற்கலாம். நீதி கேட்போருக்குத் துணை வேண்டும். மூன்றாவது: நிறுவனம் அவர்களை எப்போதும் ஏற்றுக்கொண்டதில்லை. மரியாளையும் மனித விடுதலையையும் பற்றி எழுதிய நூலுக்காகத் திஸ்ஸ பாலசூரிய 1997 சனவரியில் திருச்சபையினின்று விலக்கப்பட்டார். உலகெங்கும் எழுந்த எதிர்ப்பின்பின், ஓராண்டு கழித்து அத்தண்டனை நீக்கப்பட்டது. தோட்டத் தொழிலாளரை நாடற்றவராக்கிய சட்டத்துக்குக் கையுயர்த்திய கிறித்தவ அரசியல்வாதி எவரும் அதற்காக விலக்கப்பட்டதாக நாம் அறியோம்.

2019 ஏப்பிரல் 21ஆந் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, கொழும்பிலும் நீர்கொழும்பிலும் மட்டக்களப்பிலும் தேவாலயங்களிற் குண்டுகள் வெடித்தன. விடுதிகளிற் பலியானோரையும் சேர்த்து இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். முன்னெச்சரிக்கை கிடைத்தும் தடுக்கத் தவறியமைக்காக, 2023 சனவரியில் உயர் நீதிமன்றம் முன்னாள் சனாதிபதி உள்ளிட்டோரை இழப்பீடு செலுத்தப் பணித்தது. திருச்சபை வீதிக்கு வந்தது. ஜெனீவாவரை சென்று நீதி கேட்டது. அது கேட்டது முற்றிலும் நியாயமானது. ஆனால் அதே வீதியில், அதே கையில், பிள்ளையின் படத்தை ஏந்திக்கொண்டு கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் 2017 முதல் இருந்துவரும் தாய்மாரின் முகம், தெற்கின் திருச்சபைத் தலைமைக்கு அப்போதாவது தெரிந்ததா? உள்ளூர் விசாரணையில் நம்பிக்கையில்லை என்று அத்தாய்மார் சொன்னபோது அந்நியத் தலையீடு என்று கருதியவர்கள், தம் மக்கள் இறந்தபோது அதே சொல்லைச் சொல்ல நேர்ந்தது. துன்பம் இவ்வாறு ஒரு பாடத்தைக் கற்பித்திருக்கிறது. அது தன் மந்தைக்கு மட்டுமான பாடமாக நின்றுவிடுமா, எல்லோருக்குமான நீதியாக விரியுமா என்பதே இன்றைய கேள்வி.

இக்கேள்வியைத் திருச்சபையை நோக்கி மட்டும் கேட்டு நாம் எழுந்துபோய்விட முடியாது. 1948இற் பிரசாவுரிமைச் சட்டத்தை இடதுசாரிகள் எதிர்த்து வாக்களித்தனர். அது நமது மரபின் பெருமை. ஆனால் 1964 ஒக்டோபரில், ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று ஒப்பந்தம் கைச்சாத்தானபோது, அந்த அரசாங்கத்தில் இடதுசாரி அமைச்சரும் இருந்தனர். நாடற்றோர் என்ற நிலையை முடிவுக்குக் கொண்டுவரும் சட்டம் 2003இலேதான் வந்தது. பதவி வரும் வாசலும் குரலை அளக்கிறது.

வகுப்பறையில் வரலாறு கற்பிக்கும் ஆசிரியர்களுக்கும் கற்கும் மாணவர்க்கும் இக்கட்டுரையின் வேண்டுகோள் இதுவே. ஒரு நிறுவனத்தை, அது கோவிலாயினும் கட்சியாயினும் சங்கமாயினும், அதன் கொள்கைப் பிரகடனத்தைக் கொண்டு மதிப்பிடாதீர்கள். அதன் செலவுக்கு யார் பணம் கொடுத்தார், யாருக்கு இழப்பு நேர்ந்தபோது அது குரல் எழுப்பியது, அதனுள் உண்மை பேசியவனுக்கு என்ன நேர்ந்தது என்று கேளுங்கள். அலுகலவிட்டவில் ஒரு சிறுகுடிலில் சிந்திய இரத்தத்தையும், மன்னாரிலிருந்து எழுந்த ஒரு தொகையையும் பாடப்புத்தகங்கள் இன்னும் அறியவில்லை. அவற்றை மாணவர்க்குச் சொல்லுதல் நமது கடன்.